கைபேசியைக் கடலில் எறியத் தோன்றும் கணம்

பாம்பன் சாலைப் பாலத்தை நிற்காமல் கடந்து போகிறவர்கள் குறைவு. வேனை ஓரங்கட்டிவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே ரயில் பாலத்தையும் படகுகளையும் பார்த்து, ஆளுக்கு நாலு படம் எடுத்துக்கொண்டுதான் ராமேஸ்வரம் போவார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். நல்ல காற்று. வயிறு நிறைந்திருந்தது. வீட்டில் யாரோடும் சண்டையில்லை. சுவருக்கு வெளியே கையை நீட்டிப் படம் எடுக்கப் போனபோது எங்கிருந்தோ ஒரு நினைப்பு வந்தது: எறிந்துவிடேன். தவணை இன்னும் முடியாத கைபேசி அது. எறிய ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் விரல்கள் தாமாகவே தளர்வதுபோல் இருந்தது.

இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினேன். பக்கத்தில் நின்ற வயதான அம்மாள் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சுருக்குப்பைக்குள் போட்டு இழுத்துக் கட்டியபடியே, "இந்த இடத்துக்கு வந்தால் எனக்கும் இதே தொல்லைதான் கண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு நான் எல்லாரிடமும் கேட்கத் தொடங்கினேன். முதலில் யாரும் வாய் திறப்பதில்லை. என் கதையைச் சொன்னால் மெல்லச் சிரிப்பார்கள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு தங்கள் கதையைச் சொல்வார்கள். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பாவுக்கு, எண்ணிக் கட்டிய நோட்டுகளை ஓடும் மின்விசிறியை நோக்கி வீச வேண்டும் என்று தோன்றுமாம். கச்சேரிகளில் மிருதங்கம் வாசிக்கும் நண்பருக்கு, பாடகர் கண்மூடி ஆலாபனையில் ஆழ்ந்திருக்கும்போது சம்பந்தமில்லாமல் ஓர் அடி ஓங்கி அடித்தால் என்ன என்று கை பரபரக்கும். இழவு வீட்டில் சிரிப்பு முட்டிக்கொண்டு வருவதைச் சொன்னவர்கள் பலர். இருவழிச் சாலையில் எதிரே லாரி வரும்போது ஸ்டீயரிங்கைச் சற்றே திருப்பினால் என்னவாகும் என்ற நினைப்பைச் சொன்னவர், மிக நிதானமாக வண்டி ஓட்டுகிற மனிதர். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கியதும் 'கீழே போட்டுவிட்டால்?' என்று திடுக்கிடாதவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை.

என் பெரியம்மாவின் கதைதான் உலுக்கியது. பிரதோஷம் தவறாதவர். தீபாராதனை காட்டும்போது, மணியோசைக்கு நடுவில், தெருச்சண்டையில் மட்டும் கேட்கும் ஒரு கெட்ட வார்த்தை நாக்கு நுனியில் வந்து நிற்குமாம். அது வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு நிற்பாராம். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பக்திப் பரவசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு இங்கிலாந்துக்காரர் ஒருவரின் நினைவு வந்தது. ஜான் பன்யன். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' எந்தக் கதையைத் தழுவியதோ, அந்தக் கதையை எழுதியவர். பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில் செய்து, பின்னர் போதகராகி, அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் பல ஆண்டுகள் கிடந்தவர். 1666-இல் வெளியான தன் வரலாற்றில், தெய்வ நிந்தனையான சொற்களைச் சொல்லிவிட வேண்டும் என்ற உந்துதல் தன்னை எப்படி வாட்டியது என்று எழுதியிருக்கிறார். வாய் தானாகத் திறந்துவிடாதபடி மோவாய்க்கட்டையின் கீழே கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாராம். 'அவரை விற்றுவிடு, விற்றுவிடு' என்று கிறிஸ்துவைக் குறித்து ஓர் எண்ணம் ஓயாமல் வந்துகொண்டிருக்க, அதைத் தள்ளிவிடுவதுபோல் கைகளாலும் முழங்கைகளாலும் காற்றை இடித்திருக்கிறார். பெட்ஃபோர்டில் மோவாய்க்கட்டை, எங்கள் ஊர்ச் சிவன் கோவிலில் முந்தானை. இடையில் மூன்றரை நூற்றாண்டுகள்.

பக்திமான்களுக்குத் தெய்வ நிந்தனை, தாய்க்குக் குழந்தை, காசாளருக்குப் பணம், வித்வானுக்குக் கச்சேரி. ஒவ்வொருவரும் எதைக் கண்ணும் கருத்துமாகக் காக்கிறார்களோ அதன்மீதுதான் இந்த நினைப்பு வந்து விழுகிறது. சித்தப்பாவுக்கு ஆலாபனையைக் கெடுக்கத் தோன்றியதே இல்லை. அவருக்குச் சங்கீதத்தைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது.

இதை முறையாக ஆராயத் தொடங்கியது 1970-களில்தான். லண்டன் மனநோயியல் கழகத்தில் ஸ்டான்லி ராக்மன், பத்மல் டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் பணியாற்றினார்கள்; டி சில்வா இலங்கையிலிருந்து போனவர். மனநோய் எதுவும் இல்லாத சாதாரண மனிதர்களைக் கூப்பிட்டு, வேண்டாத, அருவருப்பான எண்ணமோ உந்துதலோ உங்களுக்கு வருவதுண்டா என்று கேட்டார்கள். 1978-இல் வந்த அவர்களின் கட்டுரைப்படி, ஐந்தில் நான்கு பேர் உண்டு என்று சொன்னார்கள். ரயில் நெருங்கும்போது தண்டவாளத்தில் குதிக்கத் தோன்றுவது அதில் ஒன்று. நான் மிகவும் ரசித்த பகுதி அடுத்தது. நோயாளிகளின் எண்ணங்களையும் சாதாரண மனிதர்களின் எண்ணங்களையும் கலந்து கொடுத்து, எது யாருடையது என்று இந்தத் துறையின் நிபுணர்களைப் பிரிக்கச் சொன்னார்கள். நிபுணர்கள் தடுமாறினார்கள். எண்ணத்தின் உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை. எத்தனை தடவை வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எவ்வளவு வதைக்கிறது, அதை விரட்ட ஒருவர் எவ்வளவு போராடுகிறார் என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

2014-இல் உளவியலாளர் ஆடம் ரடோம்ஸ்கி தலைமையில் ஆறு கண்டங்களில் 13 நாடுகளின் மாணவர்கள் 777 பேரிடம் இதே கேள்வி கேட்கப்பட்டது. கடந்த மூன்று மாதங்களில் ஒரு தடவையாவது இப்படித் தோன்றியது என்றவர்கள் ஏறத்தாழ 94 விழுக்காடு. ஈரான், துருக்கி, சியரா லியோன், ஹாங்காங் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, இந்தியா இல்லை. அதனால் என்ன, நம் ஆட்கள் மீதமுள்ள ஆறு விழுக்காட்டில் இருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

சரி, ஏன் வருகிறது?

உயரத்தைப் பற்றி ஒரு விளக்கம் இருக்கிறது. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 431 மாணவர்களிடம் கேட்டு 2012-இல் வெளியிட்டார்கள். உயரமான இடத்தில் நிற்கும்போது குதிக்கத் தோன்றுவதை, தற்கொலை எண்ணம் வாழ்நாளில் வந்தே இராதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஆய்வாளர்கள் சொல்வது இது: விளிம்பில் நிற்கும்போது உடல் நம்மைக் கேட்காமலேயே ஒரு நொடியில் பின்னால் இழுத்துவிடுகிறது. அறிவு கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறது. வந்து பார்த்தால், தரை கெட்டியாக இருக்கிறது, தடுப்புக் கம்பி உறுதியாக இருக்கிறது, யாரும் தள்ளவில்லை. பிறகு எதற்காகப் பின்வாங்கினேன்? நானே குதிக்க நினைத்திருப்பேனோ? உயிரைக் காக்க வந்த எச்சரிக்கையை, உயிரை விடும் ஆசை என்று அறிவு தப்பாக வாசித்துவிடுகிறது. கொடைக்கானலில் பள்ளத்தாக்கு விளிம்பில் நிற்கும் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்ப்பவர்கள், உடனே ஓரடி பின்வைத்து, பக்கத்தில் இருப்பவரின் தோளையோ சட்டையையோ பிடித்துக்கொள்வார்கள். அந்த இடத்துக்கு ஒரு காலத்தில் தற்கொலைமுனை என்றே பெயர். இப்போது பசுமைப் பள்ளத்தாக்கு என்று மாற்றியிருக்கிறார்கள். நல்ல காரியம்.

அழகான விளக்கம்தான். ஆனால் அது ஊகம். கேள்வித்தாளில் பழைய நினைவைக் கேட்டு வாங்கிய பதில்களிலிருந்து, விளிம்பில் அந்த நொடியில் உள்ளே நடந்ததை யாரும் பார்த்துவிட முடியாது. பெரியம்மா விஷயத்திலோ அது உதவவே உதவாது. சந்நிதியில் என்ன பள்ளம் இருக்கிறது?

அங்கே எனக்கு டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் கைகொடுக்கிறார். 1987-இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் மாணவர்களை ஒவ்வொருவராகத் தனி அறையில் உட்காரவைத்து, ஐந்து நிமிடம் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். ஒரே நிபந்தனை: வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது. நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியமான சங்கதி, பிறகு 'இப்போது தாராளமாக நினைக்கலாம்' என்று சொன்னபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது.

நமக்கு இது புதிதில்லை. மருந்தைக் கொடுத்த வைத்தியர், 'குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைத்துவிடாதே, பலிக்காது' என்று சொல்லியனுப்பிய கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் உண்டா? மருந்துக் கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் குரங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வைத்தியர் கெட்டிக்காரர். மருந்து வேலை செய்யாவிட்டால் பழி நோயாளிமேல்.

வெக்னர் செய்தது, குரங்கு ஏன் வருகிறது என்று சொன்னது. ஒன்றை நினைக்காமல் இருக்க மனம் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, வேறு எதையாவது தேடிப் பிடித்து அதில் கவனத்தை வைப்பது. இதற்கு உழைப்பு வேண்டும். இன்னொன்று, அந்த வேண்டாத எண்ணம் வருகிறதா என்று சத்தமில்லாமல் கண்காணிப்பது. திருடனைப் பிடிக்க வாசலில் நிறுத்திய காவலாளி திருடனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதானே நிற்பான்? களைப்பிலும் பதற்றத்திலும் முதல் வேலை தளர்ந்துவிடும். கண்காணிப்பு மட்டும் தளராது. அப்போது மிஞ்சுவது படம் ஒன்றுதான். ஒரு நூலில் கட்டிய குண்டைப் பிடித்துக்கொண்டு, இந்தத் திசையில் மட்டும் ஆடவிடாதே என்று சொன்னால், அது அந்தத் திசையில்தான் ஆடுகிறது. கூடவே எண்களைத் தலைகீழாக எண்ணச் சொன்னால் இன்னும் அதிகமாக ஆடுகிறது. இதையும் சோதித்துப் பார்த்தார்கள். சைக்கிள் பழகும்போது 'அந்தப் புளியமரத்தில் மோதாதே' என்று யாராவது பின்னாலிருந்து கத்தியதைக் கேட்டவர்களுக்குச் சோதனையே தேவையில்லை.

புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயம் என்ற பாலி நூலின் இருபதாவது சூத்திரத்தில், வேண்டாத எண்ணங்களைக் கையாள புத்தர் ஐந்து வழிகள் சொல்கிறார். வேறு நல்ல எண்ணத்தை வைப்பது, இந்த எண்ணத்தின் கேட்டை ஆராய்வது, கண்டுகொள்ளாமல் விடுவது, வேகமாக நடப்பவன் மெதுவாக நடந்து, நின்று, உட்கார்ந்து, படுப்பதுபோல் எண்ணத்தைப் படிப்படியாகத் தணிப்பது. இவை எதுவும் பலிக்காவிட்டால் மட்டும், பல்லைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, மனத்தை மனத்தால் நசுக்கச் சொல்கிறார். பௌத்த நூல்களில் உள்ள இத்தகைய முறைகளுக்கும் இன்றைய நடத்தைச் சிகிச்சைக்கும் உள்ள ஒப்புமையை எழுதியவர் அதே பத்மல் டி சில்வா. நாம் எல்லாரும் ஐந்தாவதிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்பதுதான் என் புகார்.

அப்படி ஆரம்பிப்பதற்கு நம் வளர்ப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அபசகுனமாக ஏதாவது சொல்லிவிட்டால், 'ததாஸ்து தேவதைகள் உலாவும் நேரம், அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிடும்' என்று பாட்டி அதட்டுவார். நினைத்தால் நடந்துவிடும் என்று ஒரு பயம். நினைத்தாலே செய்ததற்குச் சமம் என்று இன்னொரு பயம். இந்த இரண்டையும் ராக்மனும் அவருடைய சகாக்களும் 1996-இல் அளவுகோல் வைத்து அளந்தார்கள். எண்ணமும் செயலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போவது என்று அதை விளக்கினார்கள். இந்த ஒட்டுதல் எவரிடம் வலுவாக இருக்கிறதோ அவரிடம்தான் ஒரு நொடி நினைப்பு ஒரு நாள் வேதனையாக மாறுகிறது. 'நான் இப்படி நினைத்தேன் என்றால் நான் எப்படிப்பட்டவன்?' என்று ஒருவர் கேட்டுக்கொள்கிற இடத்தில்தான் அது வேர் பிடிக்கிறது.

இங்கே யாராவது குறளை எடுத்து வருவார்கள் என்று தெரியும். 'உள்ளத்தால் உள்ளலும் தீதே' என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே? முழுக் குறளையும் சொல்ல வேண்டும். பிறன் பொருளை வஞ்சித்துக் கவர்வோம் என்று நினைப்பதைத்தான் அவர் தீது என்கிறார். அது தீர்மானம், திட்டம் போட்டு உட்கார்ந்திருப்பவனின் நினைப்பு. நோட்டுக்கட்டை மின்விசிறியில் வீசத் தோன்றி, தோன்றியதற்கே வியர்த்துப்போன என் சித்தப்பாவை அந்தக் குறளில் கொண்டுபோய் நிறுத்துவது அநியாயம்.

எல்லா எண்ணங்களையும் தட்டிக்கழித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. வரும் எண்ணம் திடுக்கிட வைக்கிறதா, ஆறுதல் தருகிறதா என்று பாருங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு நிம்மதியாகத் தோன்றினால், எப்படி, எப்போது என்று மனம் திட்டமிட ஆரம்பித்தால், அது நான் பேசிக்கொண்டிருக்கும் விஷயமே அல்ல. யாரோ குரல் கொடுத்துக் கட்டளையிடுவதுபோல் கேட்டாலும், பிள்ளை பெற்ற பெண் தூக்கமின்றி, நிலைகொள்ளாமல், குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகளை உறுதியோடு பேசினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416. நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள்.

என் சித்தி மகளுக்கு இதில் எதுவும் இல்லை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், குழந்தை பிறந்த சில வாரங்களில் அடுப்படிப் பக்கம் வருவதை நிறுத்தினாள். அரிவாள்மனையைச் சாக்கில் சுற்றிக் கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டாள். கத்தரிக்கோல் பரணுக்குப் போயிற்று. சித்தி முதலில் சோம்பல் என்றார், பிறகு காற்று கருப்பு என்றார். மந்திரித்துத் தாயத்து கட்டினார்கள். ஒருநாள் இரவு, எல்லாரும் தூங்கிய பிறகு, என்னை எழுப்பி, "அக்கா, என் கையைக் கட்டிப்போட முடியுமா?" என்று கேட்டாள். கத்தியைப் பார்த்தால் குழந்தையின் கழுத்து நினைவுக்கு வருகிறது என்றாள். சொல்லும்போதே பல் கிட்டியது. உள்ளங்கைகளை முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவை வேறு யாருடையவோ என்பதுபோல.

கனடாவில் நிக்கோல் ஃபேர்பிரதர் செய்து 2008-இல் வெளியான ஆய்வைப் பிற்பாடுதான் படித்தேன். புதிதாகத் தாயானவர்களிடம் கேட்டால், குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற எண்ணம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வருகிறது. தானே வேண்டுமென்று ஏதாவது செய்துவிடுவதுபோன்ற எண்ணம் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வருகிறது. பாதி! அந்த வாரம் எங்கள் தெருவில் பிள்ளை பெற்று வந்திருந்தவர்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

நாங்கள் முதலில் பார்த்த மருத்துவர் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைக்கச் சொன்னார். அவள் அன்றுதான் உண்மையிலேயே உடைந்துபோனாள். இரண்டாவதாகப் பார்த்த மனநல மருத்துவர் நிறையக் கேள்விகள் கேட்டார். அந்த எண்ணம் வரும்போது பிடித்திருக்கிறதா? அதைத் தவிர்க்க என்னென்ன செய்கிறாய்? யாரிடம் என்ன கேட்கிறாய்? கடைசியில், இது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் என்றார். நாங்கள் விழித்தோம். ஓசிடி என்றால் ஓயாமல் கை கழுவுவது என்றுதான் எங்களுக்குத் தெரியும். கத்தியை ஒளிப்பதும் கை கழுவுவதும் ஒன்றுதான் அம்மா என்றார் அவர். ஒளிக்க ஒளிக்க, ஒளித்ததால்தான் குழந்தை பிழைத்தது என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும்.

மாத்திரையோடு, வீட்டுப்பாடமும் கொடுத்தார். அரிவாள்மனையைக் கொல்லையிலிருந்து எடுத்து வந்து கூடத்தில் வைக்க வேண்டும். சில நாள் கழித்து, குழந்தை தூளியில் தூங்கும்போதே அங்கே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்க வேண்டும். எண்ணம் வந்தால் வரட்டும். எழுந்து ஓடக் கூடாது, சாமி பெயரைச் சொல்லி அழிக்கவும் கூடாது. முதல் நாள் நானும் உடனிருந்தேன். நறுக்கிய வெண்டைக்காய் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை; சில விரல் நீளம், சில பொடி. அவள் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு, "பசிக்கிறது அக்கா" என்றாள்.

மாப்பிள்ளைக்குத்தான் கடினமான பாடம். வெளியூரில் வேலை பார்க்கும் அவரிடம் தினமும் இரவு கைபேசியில், "நான் அப்படிச் செய்ய மாட்டேன்தானே?" என்று கேட்பாள், அவர் சத்தியமாக மாட்டாய் என்பார், பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பாள். அந்தச் சத்தியமும் தாயத்து மாதிரிதான், இனிமேல் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். அன்றிரவு அவள் கேட்டபோது அவர், சொல்லிக்கொடுத்தபடியே, "தெரியாது, யாரால்தான் உறுதி சொல்ல முடியும்? நாளைக்கு என்ன காய்?" என்றார். சில நாட்கள் அவள் அவரோடு பேசவே இல்லை.